‘டோன்ட் சென்ட்’ அழுத்த வைக்கும் மேனேஜர்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே சந்திக்கும் ஒரு விஷயம் எரர் மெசேஜ். ஏதாவது ஒரு புரோகிராமில் வேலை செய்து கொண்டிருப்போம். திடீரென்று அது அசையாமல் நின்றுவிடும். பிறகு ஒரு சின்னப் பெட்டி தோன்றி, புரோகிராம் இயங்குவது நின்றுவிட்டது என்று அறிவிக்கும். உடனே பலரும், “நாம்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டோம் போலிருக்கிறது” என்று பயந்து போவார்கள். அந்தப் பயம் வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் தவறு உங்களுடையது அல்ல. அந்தப் புரோகிராமைத் தயாரித்த நிறுவனத்தில் சரி செய்யாமல் விட்ட பிழை அது.

அந்தப் பிழையை எப்படிச் சமாளிப்பது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்கள் வீடு வரை எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பற்றி எழுதப் போகிறேன். புரோகிராமர்களுக்குத் திறமை போதவில்லை என்று சிலர் சொல்வார்கள். என் கருத்து வேறு. பல நேரங்களில் பிழையைக் கண்டவர் ஒருவர் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருப்பார். அதை அவரால் தன் மேனேஜரிடம் சொல்ல முடிந்ததா, இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டு பட்டன்கள்

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. அதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு டயலாக் பாக்ஸ் நன்றாக நினைவிருக்கும். ஒரு புரோகிராம் நின்று போனால், அதுபற்றி மைக்ரோசாப்டுக்குத் தகவல் அனுப்பலாமா என்று கேட்கும். கீழே இரண்டு பட்டன்கள் இருக்கும். ஒன்று ‘சென்ட் எரர் ரிப்போர்ட்’. மற்றொன்று ‘டோன்ட் சென்ட்’. இப்போதைய விண்டோஸில் இந்த வேலை பெரும்பாலும் நமக்குத் தெரியாமல் பின்னணியில் நடந்துவிடுகிறது.

இப்படி அனுப்புவதால் என்ன லாபம்? மைக்ரோசாப்டின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் 2002-ல் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதை விளக்கியிருந்தார். மொத்தப் பிழைகளில் 20 சதவீதமே 80 சதவீதக் கோளாறுகளுக்குக் காரணம். அதிலும் 1 சதவீதப் பிழைகளே பாதிக் கோளாறுகளுக்குக் காரணம். அதாவது மிகச் சிலவற்றைச் சரி செய்தாலே பெரும்பாலான தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் அந்தச் சில எவை என்று தெரிய வேண்டுமானால், யாராவது ‘சென்ட்’ அழுத்த வேண்டும்.

நிறுவனத்துக்கு உள்ளேயும் இதே இரண்டு பட்டன்கள் இருக்கின்றன. மாலை 6 மணிக்கு ஒரு டெஸ்டர் ஒரு பெரிய பிழையைக் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். மறுநாள் ரிலீஸ். இப்போது மேனேஜரிடம் போய்ச் சொன்னால், “நல்ல வேளை, இப்போதே சொன்னீர்கள்” என்பாரா? அல்லது, “இத்தனை நாள் என்ன செய்து கொண்டிருந்தாய்?” என்று எல்லோர் முன்னாலும் கத்துவாரா? இரண்டாவது வகை மேனேஜரிடம் ஒரு முறை வாங்கிக் கட்டிக் கொண்டவர், அடுத்த முறை ‘டோன்ட் சென்ட்’தான் அழுத்துவார்.

எல்லாத் தொழிலிலும் இது உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சுவர் கோணலாக எழும்பினால் மேஸ்திரி தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார். சாம்பாரில் உப்பு கூடினால் ஓட்டல் முதலாளி ஒரு கரண்டி வாயில் விட்டுத் தெரிந்து கொள்வார். சாப்ட்வேர் அப்படி அல்ல. லட்சக்கணக்கான வரிகளுக்குள் பிழை ஒளிந்திருக்கும். அதை எழுதியவருக்கும் சோதித்தவருக்கும் மட்டுமே அது தெரியும். அவர்கள் வாய் திறக்காவிட்டால் மேலே இருப்பவருக்குத் தெரிய வேறு வழி கிடையாது. அதனால்தான் மேனேஜரின் குணம் இந்தத் தொழிலில் இத்தனை முக்கியமாகிறது.

எல்லாவற்றையும் தானே பார்த்தவர்

மைக்ரோசாப்டின் ஆரம்ப நாட்களில் பில் கேட்ஸ் மிகவும் கடுமையான முதலாளி. ஊழியர்களின் கார் நம்பர்களை மனப்பாடம் செய்து வைத்துக் கொண்டு, யார் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று பார்த்ததாக 2016-ல் பி.பி.சி. வானொலியில் அவரே கூறினார். எக்ஸெல் டீமில் வேலை பார்த்த ஜோயல் ஸ்போல்ஸ்கி, 1990களின் தொடக்கத்தில் கேட்ஸ் முன் ஒரு திட்டத்தை விளக்கப் போன அனுபவத்தை 2006-ல் எழுதினார். கூட்டத்தில் கேட்ஸ் எத்தனை முறை கெட்ட வார்த்தை சொல்கிறார் என்று எண்ணுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருந்தாராம்.

ஆனால் அதே அனுபவத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்தத் திட்ட விளக்கத்தை கேட்ஸ் முழுவதும் படித்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். எங்கே ஓட்டை இருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடிக்கும் முதலாளியிடம் எதையும் மறைக்க முடியாது. கம்பெனி சிறியதாக இருக்கும்வரை அந்த முறை ஓடியது. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவரே எல்லாவற்றையும் படிக்க முடியுமா? முடியாது. அப்போது கத்தல் மட்டும்தான் மிஞ்சும், படிப்பு மிஞ்சாது. கேட்ஸைப் பார்த்துக் கோபத்தை மட்டும் கற்றுக் கொண்ட மேனேஜர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஸ்டிக்கர் சொன்ன பொய்

கீழே இருப்பவர்கள் சொல்லியும் மேலே கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் விஸ்டா நல்ல உதாரணம். எக்ஸ்பிக்குப் பிறகு 5 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2007 ஜனவரி 30-ல்தான் விஸ்டா வீட்டு உபயோகத்துக்கு வந்தது. இடையில் 2004-ல், அதுவரை எழுதியதில் பெரும்பகுதியை ஒதுக்கி வைத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. 

இந்தத் தாமதத்தால் 2006-ல் கம்ப்யூட்டர் விற்பனை குறைந்துவிடக் கூடாது என்று, புதிய கம்ப்யூட்டர்களில் ‘விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இதில் விஸ்டா ஓடும் என்று அதற்குப் பொருள். ஆனால் இன்டெலின் 915 என்ற சிப்செட் உள்ள கம்ப்யூட்டர்களில் விஸ்டாவின் புதிய கண்ணாடி போன்ற தோற்றம் வராது. முதலில் அவற்றுக்கு ஸ்டிக்கர் கிடையாது என்றுதான் இருந்தது. பிறகு விதியைத் தளர்த்தி, அவற்றுக்கும் ஒட்டினார்கள். 

வாங்கியவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் 2008-ல் மைக்ரோசாப்டின் உள் இமெயில்கள் வெளியே வந்தன. இது சரியல்ல, வாடிக்கையாளர்கள் குழம்புவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே பலர் முன்பே எழுதியிருந்தது அப்போது தெரிந்தது. அவர்களில் விண்டோஸ் பிரிவின் துணைத் தலைவர் ஒருவரும் உண்டு. அவரே 2,100 டாலர் கொடுத்து ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப் வாங்கி, அது இமெயில் பார்க்க மட்டுமே பயன்படுகிறது என்று நொந்து எழுதியிருந்தார்! இங்கே ‘சென்ட்’ அழுத்தினார்கள். வாங்கிப் படித்து, முடிவை மாற்ற மேலே ஆள் இல்லை.

ரேங்க் கார்டு

அடுத்து, கத்தாமலேயே பயத்தை உண்டாக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு ஸ்டாக் ரேங்கிங் என்று பெயர். ஒரு டீமில் 10 பேர் இருந்தால், அவர்களில் இத்தனை பேருக்கு மிக நல்ல மதிப்பெண், இத்தனை பேருக்கு சுமார், ஒருவருக்காவது மோசம் என்று மேனேஜர் கட்டாயம் பிரித்தாக வேண்டும். 10 பேரும் அருமையாக வேலை செய்திருந்தாலும் இதே விதிதான். வகுப்பில் எல்லோரும் 90 மார்க் வாங்கியிருக்கிறார்கள், ஆனாலும் ஒருவரை பெயிலாக்க வேண்டும் என்று ஆசிரியருக்கு உத்தரவு வந்தால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான். நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் இதை ‘பெல் கர்வ்’ என்ற பெயரில் அறிவார்கள்.

இதன் விளைவு என்ன? பக்கத்து சீட்டுக்காரரின் புரோகிராமில் பிழை இருப்பது உங்களுக்குத் தெரிகிறது. சொன்னால் அவர் தப்பிப்பார், உங்கள் இடம் கீழே போகலாம். சொல்லாவிட்டால் அவர் மாட்டுவார். நல்ல மனிதர்களைக்கூட இது தடுமாற வைக்கும். திறமைசாலிகள் இன்னொரு திறமைசாலியுடன் ஒரே டீமில் சேரத் தயங்குவார்கள். மைக்ரோசாப்டில் பல ஆண்டுகள் இருந்த இந்த முறையை ஊழியர்கள் மிகவும் வெறுத்தார்கள். 2013 நவம்பரில் நிறுவனம் இதைக் கைவிட்டது. பிழை கண்டவர் வாய் திறப்பதற்கே பரிசு தர வேண்டிய தொழிலில், வாய் மூடியிருப்பதற்குப் பரிசு தரும் முறை அது என்பது என் கருத்து.

நோக்கியாவில் இருந்த பயம்

நம் வீடுகளில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே வந்தது நோக்கியா போன். பின்லாந்து நாட்டு நிறுவனம். 2007-ல் ஐபோன் வந்தபோது உலகிலேயே அதிக போன் விற்றது நோக்கியாதான். அது எப்படி விழுந்தது என்று குய் ஹுய், டிமோ வூரி என்ற இரு பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். நோக்கியாவின் மேலதிகாரிகள், நடுநிலை மேனேஜர்கள், இன்ஜினியர்கள், வெளி நிபுணர்கள் என 76 பேரைப் பேட்டி கண்டார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். மேலே இருந்தவர்களுக்குப் போட்டியாளர்களையும் பங்குதாரர்களையும் கண்டு பயம். அந்தப் பயத்தில் கீழே இருந்தவர்களிடம் கத்தினார்கள், நெருக்கினார்கள். நடுவில் இருந்த மேனேஜர்களுக்கு இவர்களைக் கண்டு பயம். தங்கள் சிம்பியன் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்தும், “எல்லாம் சரியாகப் போய்க் கொண்டிருக்கிறது, குறித்த தேதியில் முடித்துவிடலாம்” என்ற வகையிலேயே மேலே தகவல் போனது. உண்மை தெரியாமல் மேலே திட்டம் போட்டார்கள். பெட்டி முழுக்க ‘டோன்ட் சென்ட்’.

2013 செப்டம்பரில் தன் போன் பிரிவை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாப்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தது. 2006-ல் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. வரித் தகராறு அதற்குக் காரணம். 2014 நவம்பர் 1-ல் அது மூடப்பட்டது. அதை மூடியது அதிகாரிகளின் கோபம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பின்லாந்தில் ஒரு மீட்டிங்கில் சொல்லப்படாத உண்மைக்கும், அந்தத் தொழிற்சாலைக்கு பஸ் ஏறிப் போன பெண்ணின் சம்பளத்துக்கும் நடுவே ஒரு கம்பி ஓடுகிறது என்பதை மறுக்க முடியாது.

கத்தினால்தான் வேலை நடக்குமா?

இதைப் படிக்கும் சிலர் ஸ்டீவ் ஜாப்ஸை நினைவூட்டுவார்கள். “அவர் கத்தாத கத்தலா? ஆப்பிள் எங்கே இருக்கிறது பாருங்கள்” என்பார்கள். நியாயமான கேள்விதான். 2008-ல் மொபைல்மீ என்ற ஆப்பிள் சேவை சொதப்பியபோது, அந்த டீமைக் கூட்டி வைத்துத் திட்டி, அங்கேயே தலைவரை மாற்றினார் ஜாப்ஸ். ஆனால் திட்டு எப்போது விழுந்தது என்று கவனியுங்கள். சேவை வெளிவந்து, வாங்கியவர்கள் அவதிப்பட்ட பிறகு. திட்டு பிழையைத் தடுக்கவில்லை.

அதே ஜாப்ஸ், 1984-ல் வந்த முதல் மேகின்டோஷ் கம்ப்யூட்டரின் பெட்டிக்கு உட்புறம் அதை உருவாக்கியவர்களின் கையெழுத்துகளைப் பதிக்கச் செய்தார். வாங்குபவர் கண்ணில் அது படாது. செய்தவர்களுக்குத் தெரியும், அது போதும். ஜாப்ஸிடம் கற்றுக் கொள்ள விரும்பும் மேனேஜர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

இன்னொருவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-ல் லினக்ஸைத் தொடங்கியவர். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ்தான். சக புரோகிராமர்களை எழுத்தில் கடுமையாகத் திட்டுவதில் பெயர் பெற்றவர். 2018 செப்டம்பரில் அவரே தன் போக்குக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அக்டோபரில் லினக்ஸின் 4.19 பதிப்பு வேறொருவர் கையால் வெளிவந்தது. அவர் திரும்பி வந்தார். லினக்ஸ் நின்றுவிடவில்லை.

மேனேஜரே வேண்டாமா?

அப்படியானால் மேனேஜர்களை எல்லாம் நீக்கிவிடலாமா? அதையும் ஒரு நிறுவனம் செய்து பார்த்தது. 2000களின் தொடக்கத்தில் கூகுள் இன்ஜினியர்களுக்கு மேனேஜர் தேவையில்லை என்று முடிவு செய்தது. சில மாதங்கள் மட்டுமே தாங்கியது. செலவுக் கணக்கு முதல் இருவருக்கு இடையிலான சண்டை வரை எல்லாம் நிறுவனர் லாரி பேஜிடமே வந்து நின்றன. ஆக, கண்டுகொள்ளாமல் விடுவதும் நல்ல தலைமை ஆகாது.

2009-ல் கூகுள் தன் மேனேஜர்களில் சிறந்தவர்களிடம் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தது. ‘புராஜெக்ட் ஆக்ஸிஜன்’ என்று அதற்குப் பெயர். 8 குணங்கள் கிடைத்தன. முதல் இடம், நன்றாகச் சொல்லிக் கொடுப்பது. இரண்டாவது, எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்காமல் பொறுப்பை ஒப்படைப்பது. டெக்னிக்கல் அறிவு? 8-வது, அதாவது கடைசி இடம்! இன்ஜினியர்கள் நிறைந்த கம்பெனியில் வந்த முடிவு இது. பிறகு 180 டீம்களை ஆராய்ந்தபோது, தவறைச் சொன்னாலும் அவமானம் நேராது என்ற நம்பிக்கை உள்ள டீம்களே நன்றாக வேலை செய்கின்றன என்று தெரிந்தது.

இந்த நம்பிக்கையைப் பற்றி முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை. 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அதிகமாக இருந்தது! பிறகுதான் காரணம் புரிந்தது. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை. நடந்த தவறை நர்சுகள் மறைக்காமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். அடுத்த முறை ஒரு கம்பெனி தன்னிடம் பிழையே இல்லை என்று பெருமை பேசினால் இதை நினைத்துக் கொள்ளுங்கள்.

தவறு நடந்த பிறகு

ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா 2014 பிப்ரவரியில் மைக்ரோசாப்டின் தலைமை நிர்வாகி ஆனார். 2016 மார்ச்சில் மைக்ரோசாப்ட் ‘டே’ என்ற உரையாடும் புரோகிராமை ட்விட்டரில் வெளியிட்டது. விஷமிகள் அதற்குக் கெட்ட பேச்சைக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரே நாளில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. உலகமே சிரித்தது. அந்த டீமுக்கு நாதெள்ளா ஒரு இமெயில் அனுப்பினார். முயற்சியைத் தொடருங்கள், நான் உங்களுடன் இருக்கிறேன், இதிலிருந்து கற்றுக் கொள்வோம் என்பது அதன் சாரம். அந்த டீமில் இருந்தவர்கள் அடுத்த பிழையை மறைப்பார்களா, சொல்வார்களா?

இதனால் அவர் காலத்தில் எல்லாம் இனிமை என்று நினைத்துவிட வேண்டாம். 2014 ஜூலையில் 18,000 பேர் வரை வேலை நீக்கம் என்று அவர்தான் அறிவித்தார். அவர்களில் பெரும்பாலானோர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். பணிவாகப் பேசும் தலைவரும் வேலையைப் பறிக்கலாம். நான் கேட்பது இனிமையை அல்ல. உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்காதீர்கள் என்பதைத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, பிழை வந்தால் பயப்படாமல் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். விண்டோஸில் ‘பீட்பேக் ஹப்’ என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. உள்ளே ஒரு டெஸ்டர் சொல்லத் தயங்கியதை வெளியிலிருந்து 1,000 பேர் சொன்னால் அவருக்கும் அது பலம்.

இரண்டாவது, உங்கள் மகனோ மகளோ ஐ.டி. கம்பெனி வேலைக்குப் போகிறார் என்றால் சம்பளத்தையும் கம்பெனி பெயரையும் மட்டும் விசாரிக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே இருப்பவரிடம், “வேலை குறித்த நாளில் முடியாது என்று தெரிந்தால் உங்கள் மேனேஜரிடம் தைரியமாகச் சொல்ல முடியுமா?” என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்றாவது நம் வீட்டு விஷயம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நீங்கள்தான் மேனேஜர். பையன் தெரியாமல் ஒரு பைலை அழித்துவிடுகிறான். பெண், பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த லிங்க்கை கிளிக் செய்துவிடுகிறாள். அம்மா யாரோ பேங்க்கில் இருந்து பேசுவதாகச் சொன்னதை நம்பி ஓ.டி.பி. நம்பரைக் கொடுத்துவிடுகிறார். “கம்ப்யூட்டரைத் தொடாதே என்று எத்தனை முறை சொன்னேன்!” என்று நீங்கள் முன்பு ஒரு முறை கத்தியிருந்தால், இப்போது யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து பேங்க் மெசேஜைப் பார்த்துத் தெரிந்து கொள்வீர்கள்.

பணம் போன சிறிது நேரத்துக்குள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவித்தால் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. தாமதமானால் வாய்ப்பு குறைந்து கொண்டே போகும். எனவே இன்றைக்கே வீட்டில் இருப்பவர்களை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்: “கம்ப்யூட்டரிலோ போனிலோ எந்தத் தப்பு நடந்தாலும் உடனே என்னிடம் வந்து சொல்லுங்கள். திட்ட மாட்டேன்.” சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.